காலி மாடத்தில் வைத்த பெட்டி

செனைதா எதையும் முதலில் தட்டித்தான் பார்ப்பார். வலது கையின் நடுவிரலை மடக்கி, அதன் முட்டியால் ஒரு தட்டு. தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்து, சத்தம் முழுக்க அடங்கும்வரை நிற்பார். பிறகு ஒரு சாண் தள்ளி இன்னொரு தட்டு. இரண்டுக்கும் நடுவே மூச்சு விடுவதைக்கூட நிறுத்தியிருப்பார். பேருந்தின் பக்கத் தகரம், தேவாலயக் கதவு, தண்ணீர் லாரி நிரப்பிவிட்டுப் போன நீல டிரம், யார் வீட்டுக்குப் போனாலும் அவர்களுடைய சாப்பாட்டு மேசை என்று எதுவும் தப்பாது. டிரம்மில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று மூடியைத் திறக்காமல் சொல்லிவிடுவார். ஆனால் அதற்காக அவர் தட்டுவதில்லை. எது கும்மென்று பதில் சொல்கிறது, எது வாயே திறக்காமல் கிடக்கிறது என்று தெரிந்துகொள்வதில் அவருக்குத் தீராத ஆசை.

"கதவு திறந்துதான இருக்கு, உள்ள வாங்களேன்" என்று என் அம்மா கூப்பிடுவார்.

"வர்றேன், வர்றேன். உன் கதவு ஏதோ சொல்லிக்கிட்டிருக்கு. பாதியில விட்டுட்டு வர முடியுமா?"

எங்கள் குழு மூன்றே பேர். நாங்கள் மாயெஸ்த்ரோ, அதாவது வாத்தியார், என்று அழைக்கும் அகபீதோ ஆளுயர ஹார்ப்பை மடியில் சாய்த்து வாசித்தபடியே பாடுவார். நான் போங்கோ தட்டுகிறேன். செனைதா அக்கா பேஸ் கிதார். மலையிலிருந்து லிமாவுக்கு இறங்கி வந்து, இந்த மண்குன்றுகளின் மேல் வீடு கட்டிக்கொண்ட சனங்களுக்கு ஹார்ப்பும் பேஸும் சேர்ந்தால்தான் பாட்டு. பிறந்தநாள், வீட்டுக் கூரை போடும் நாள், ஊர்ச் சங்கத்தின் கால்பந்து, எதுவானாலும் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் செனைதா சந்தை முக்கில் காடை முட்டை அவித்து விற்பார். வண்டியின் தகர விளிம்பிலும் அவர் விரல்கள் ஏதாவது வாசித்துக்கொண்டேயிருக்கும்.

அவர் உவானுகோ மலைப்பக்கத்துப் பெண். வீட்டு வேலைக்கென்று சின்ன வயதிலேயே லிமாவுக்கு அனுப்பப்பட்டவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை. அன்று மலைக்காரர்கள் கூடி ஆடும் மைதானத்துக்குப் போய், மேடைக்குப் பக்கத்தில் பேஸ் பெட்டிகளின் முன்னால் நின்றுகொள்வாராம். "அங்க நின்னா எவனும் வந்து பேச்சுக் குடுக்க முடியாது. பேசினாலும் கேக்காது. நிம்மதி" என்பார். அப்படி நின்று நின்று கிதார்காரனின் விரல்களைப் பார்த்தே பழகியிருக்கிறார். ஒரு நாள் அந்த ஆள் பாடகியோடு சண்டை போட்டுக் கிதாரை மேடையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டான். அடுத்த பாட்டுக்கு யாரும் இல்லை. இவர் ஏறிவிட்டார். மேடையில் ஏறிய பெண் பாடப்போகிறாள் என்று நினைத்து ஒலிவாங்கியை நீட்டினார்களாம். இவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுக் கிதாரை எடுத்துக்கொண்டார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் கொஞ்சம் சிரிப்பார்.

எங்கள் வருடத்தில் பெரிய நாள் நவம்பர் முதல் தேதி. அனைத்துப் புனிதர் நாள். அன்று ஊரே கல்லறைக் குன்றில் இருக்கும். பூ, பீர், குழந்தை வடிவில் சுட்ட ரொட்டி, வறுத்த பன்றிக்கறி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறி, தங்கள் ஆட்களின் கல்லறையைச் சுற்றி உட்கார்ந்து, இறந்தவருக்குப் பிடித்த பாட்டை வாசிக்கச் சொல்வார்கள். நாங்கள் கல்லறை கல்லறையாக நகர்ந்துகொண்டே போவோம்.

குன்றின் மேல் மின்சாரம் கிடையாது. ஹார்ப்புக்கும் போங்கோவுக்கும் அது தேவையுமில்லை. பேஸ் கிதாருக்கு மட்டும்தான் சிக்கல். செனைதாவின் பழைய ஆம்ப் இரண்டு பேர் தூக்கவேண்டிய கனம். கூடவே பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வேண்டும். போன முறை ஒரு கல்லறையில் நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது, குடும்பத்துப் பெரியவர் கையைத் தூக்கி நிறுத்தினார். "என் தம்பிக்குப் பாட்டு கேட்டேன். மோட்டார் சத்தம் அவன் உசுரோட இருந்தப்பவே போதும்போதும்னு கேட்டுட்டான், டிரைவர் அவன்."

அக்டோபரில் அகபீதோ பேச்சை எடுத்தார். சந்தை முக்கில், முட்டை வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

"செனைதா, என் ஹார்ப்புலயே கீழ்க்கம்பி இருக்கு. உனக்குத் தெரியும்."

"தெரியும் மாயெஸ்த்ரோ."

"கல்யாணம் காட்சின்னா நீ வேணும். ஆடறவங்களுக்குக் காலுக்கு அடியில சத்தம் வேணும். குன்றுக்கு அப்படியில்ல. அந்த மோட்டாரைத் தூக்கிட்டு நீ வர்றதா இருந்தா வேணாம். மோட்டார் இல்லாம உன் சத்தம் மேல கேக்குமா, வா. கேக்கலயா, இனிமே குன்றுக்கு நானும் பையனும் மட்டும்."

செனைதா ஒரு முட்டையை உரித்து, உப்புத் தொட்டு அவர் கையில் வைத்தார். "தின்னுங்க" என்றார்.

அகபீதோ போன பிறகு என்னிடம் சொன்னார்: "கல்யாண வீட்டுல எவன் கேக்கறான் தம்பி? குடிச்சிட்டு ஆடுவான், விழுவான், எழுந்து மறுபடியும் ஆடுவான். குன்று மேல மட்டுந்தான் சனங்க தொப்பியைக் கழட்டிட்டு நின்னு கேக்கறாங்க. எனக்கு வருசத்துல அந்த ஒரு நாள்தான்."

அந்த வாரமே நானும் அவரும் புதுப் பெட்டி வாங்கப் போனோம். ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் காம்போ. அதிலும் பேட்டரியில் ஓடுவது. நகரத்தின் நடுவில், இசைக்கருவிக் கடைகள் அடுக்கடுக்காக இருக்கும் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடி. செனைதா கிதாரைத் தோளில் மாட்டியிருந்தார். இடுப்பில் மலைப்பெண்கள் குழந்தையையும் உருளைக்கிழங்கையும் முதுகில் கட்டும் கோடு போட்ட சுமைத்துணி.

கடைக்காரன் என் வயதுதான். தலைமுடி பளபளவென்று நின்றது. செனைதா ஒவ்வொரு பெட்டியாகத் தட்ட ஆரம்பித்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"கசேரா, அது தர்பூசணி இல்ல." லிமாவில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் கசேரா, கசேரோ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

"தர்பூசணின்னா ஒரு தட்டுல சொல்லிடும் கசேரோ. இதுங்க வெக்கப்படுது." ஒரு கறுப்புப் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பினார். "இதுக்கு முதுகே இல்லையே."

"அது சாதாக் கிதாருக்கு. சத்தம் பின்னாலயும் வரும், அழகா இருக்கும். வாசிச்சுப் பாருங்க."

"என் தடிக்கம்பியை இதுல தட்டினா சத்தம் பின்வாசல் வழியா ஓடிப்போயிடும். அப்புறம் ஸ்பீக்கருக்குள்ள இருக்கிற காகிதம் கிழியும். அப்புறம் நீ, 'கசேரா, நீங்கதான கிழிச்சீங்க'ம்ப."

அவன் அடுத்ததாக இடுப்பு உயரத்துக்கு ஒன்றை உருட்டி வந்தான். பதினைந்து அங்குல ஸ்பீக்கர். முன்னால் பெரிய எண் ஒன்று ஒட்டியிருந்தது. "இத்தனை வாட். செத்தவன் எழுந்து உக்காருவான்." சொன்ன பிறகுதான் நாங்கள் எங்கே வாசிக்க வாங்குகிறோம் என்று நான் சொன்னது அவனுக்கு நினைவு வந்திருக்கும். "மன்னிச்சுக்கங்க" என்றான்.

"அவங்க எழ வேணாம். கேட்டாப் போதும்."

செனைதா கிதாரைச் செருகவில்லை. சுமைத்துணியை அவிழ்த்துத் தரையில் விரித்து, பெட்டியை அதில் சாய்த்து, முதுகைக் கொடுத்து, இரண்டு முனைகளையும் மார்புக்கு மேல் இழுத்து முடிச்சுப் போட்டார். எழுந்து, கடையை விட்டு வெளியே போய்ப் படியில் இறங்கினார். கடைக்காரன் பதறினான். "எங்க போறாங்க? அண்ணே, எங்க போறாங்க?" கீழ்த்தளம்வரை போய்த் திரும்பவும் ஏறி வந்தார். முகம் சிவந்திருந்தது. முதுகிலிருந்து இறக்கிவிட்டு வலது கையை முன்னால் நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின.

"பெட்டி நல்ல பெட்டிதான். ஆனா மேல போய்ச் சேர்றப்ப வாசிக்க எனக்குக் கை இருக்காது."

கடைசியில் பத்து அங்குல ஸ்பீக்கர் வைத்த ஒன்று. ஒட்டுப்பலகைக் கூடு, பின்பக்கம் முழுக்க மூடியிருந்தது. தட்டியபோது கரகரப்பில்லாமல் ஒரே சத்தமாகச் சொன்னது. முதுகில் கட்டிப் படி ஏறி இறங்கினார். விரல் நடுங்கவில்லை. அதன் பிறகுதான் கிதாரைச் செருகி என் கையில் கொடுத்தார். "தடிக்கம்பியை மட்டும் தட்டிக்கிட்டே இரு. நிறுத்தாத." சன்னல் பக்கம் பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் தெருவுக்கு எதிர்ப்பக்கம், பேருந்துகளுக்கும் கூவி அழைக்கும் நடத்துனர்களுக்கும் நடுவே தலையைச் சாய்த்துக்கொண்டு அவர் நிற்பது தெரிந்தது. ஒரு நடத்துனர் அவரை இழுத்து ஏற்றப் பார்த்தான், தள்ளிவிட்டார். கையைத் தூக்கி, சத்தத்தைக் கூட்டச் சொன்னார். பிறகு குறைக்கச் சொன்னார்.

"பக்கத்துல நின்னு கேட்டா எல்லாமே நல்ல பெட்டிதான்" என்றார் திரும்பி வந்து. "அடிச்சத்தம் எட்டி நின்னாத்தான் முகத்தைக் காட்டும்."

"பேட்டரி நாள் பூரா வரும் கசேரா."

"யார் வாசிச்சா? உன் பக்கத்துக் கடைக்காரன் மேல்கம்பியில கொசு மாதிரி வாசிச்சா வரும். என் தடிக்கம்பிக்குப் பசி அதிகம். இன்னொரு பேட்டரி சேத்துக் குடு."

கொடுத்தான். போகும்போது அவனே பெட்டியைத் தூக்கி அவர் முதுகில் வைத்துக் கட்டிவிட்டான்.

ஒரு வாரம் தன் வீட்டு வாசலில் வைத்துப் பழகினார். பெட்டியின் மேல் மூன்று குமிழ்கள்: அடி, நடு, உச்சி. அகபீதோ வந்தபோது செனைதா அடியைக் குறைத்து நடுவைத் தூக்கி வைத்திருந்தார்.

"பேஸ் கிதாருல பேஸைக் கொறைக்கிற ஒரே ஆளு நீதான்."

"வீட்டுக்குள்ளன்னா செவுரு புடிச்சு வெக்கும் மாயெஸ்த்ரோ. வெட்டவெளியில அடிச்சத்தத்தைப் புடிக்க ஆள் கிடையாது. பேட்டரியையும் அதுதான் தின்னுது. நடுவைக் குடுத்தா, மிச்சத்தைக் காது தானே நெனச்சுக்கும்."

"காதுக்கு அவ்வளவு அறிவா?"

"உங்க பாட்டைக் கேட்டுட்டு நல்லாருக்குன்னு சொல்லுதே, அந்த அறிவுதான்."

அகபீதோ அன்று சிரித்தார்.

நவம்பர் முதல் தேதி விடியும்போதே ஏறினோம். அடிவாரத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. செனைதா ஒவ்வொரு கல்லறையிலும் முதலில் சுற்றிப் பார்ப்பார். பாறையோ தடுப்புச் சுவரோ இருந்தால் பெட்டியை அதன் காலடியில், தரையோடு ஒட்டி வைப்பார். தொப்பியைக் கழற்றி நின்றவர்களில் சிலர் அடுத்த கல்லறைக்கும் எங்கள் பின்னால் வந்தார்கள். அகபீதோ ஒரு முறை அவரைப் பார்த்துத் தலையசைத்தார். அவ்வளவுதான், ஆனால் அதைச் செனைதா பார்த்ததை நான் பார்த்தேன்.

மேலே போகப்போகக் காற்று. உச்சிக்குச் சற்றுக் கீழே மாடங்கள் அடுக்கிய நீண்ட சுவர் ஒன்று இருக்கிறது. சவப்பெட்டியை உள்ளே செருகி, செங்கல் வைத்து மூடி, பெயர் எழுதிய மாடங்கள். அங்கே எர்மெலிந்தா அம்மாள் எங்களைக் கூப்பிட்டார். என் தெருவில் எதிர்வீடு. அவர் கணவர் பௌலீனோ சுரங்கத்தில் பாறை துளைத்தவர். இறந்து இரண்டு வருடம் இருக்கும். அம்மாளின் தங்கையும் அண்ணன் மகன்களும் சுற்றி நின்றார்கள். மகள் யோவானா பூச்சாடிக்குத் தண்ணீர் எடுக்கக் கீழே போயிருந்தாள்.

"அவருக்குக் காது கேக்காது" என்றார் எர்மெலிந்தா. "சுரங்கத்துலயே போயிடுச்சு. ஆனா கல்யாண வீடுகள்ல பேஸ் பெட்டி மேல கையை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன், மகளே."

முதல் பாட்டைத் தொடங்கினோம். காற்று செனைதாவின் சத்தத்தை விரலிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. பெட்டியைச் சுவரோரம் வைத்தும் பயனில்லை. மூடிய மாடங்கள் செங்கல்போலச் சும்மா கிடந்தன. குமிழைத் திருப்பினார். கரகரத்தது. அகபீதோ பாட்டின் நடுவிலேயே அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் இடது கையால் ஹார்ப்பின் கீழ்க்கம்பிகளை, வேண்டுமென்றே, ஓங்கி மீட்டினார்.

பாட்டு முடிந்ததும் செனைதா சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். பௌலீனோவின் மாடத்துக்குப் பக்கத்து மாடம் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அதன் விளிம்பில் ஒரு தட்டு. அவர் முகம் மாறியது. பெட்டியைத் தூக்கி, ஸ்பீக்கர் மாடத்தின் உள்பக்கம் பார்க்கத் திருப்பி, அதன் வாய்க்குள் பாதிவரை செருகினார்.

இரண்டாவது பாட்டின் முதல் அடியிலேயே சுவர் முழுக்க முனகியது. அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. பெரிய சத்தமில்லை அது. பெயர் எழுதிய பலகைகள், பூச்சாடிகள், நாங்கள் நின்ற திண்டு எல்லாமே ஒரே மூச்சாக அதிர்ந்தன. பக்கத்துக் குடும்பங்கள் பேச்சை நிறுத்தின. எர்மெலிந்தா இரண்டு உள்ளங்கைகளையும் கணவரின் மாடத்து மூடியில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். அகபீதோ கீழ்க்கம்பிகளிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் யோவானா வாளியோடு வந்தாள். அம்மாவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். வாளி கீழே விழுந்தது.

"அதை எடு! எடுடி வெளிய! அது எங்கம்மா மாடம்!"

கம்பியின் மேல் செனைதாவின் விரல்கள் அப்படியே நின்றன.

"அப்பா பக்கத்துலயே வேணும்னு எங்கம்மா வாங்கி வச்சிருக்கிறது. எங்க ஊர்ல காலி மாடத்துல ஒரு விளக்கைக்கூட வெக்க மாட்டாங்க. உள்ள சத்தம் வச்சா அது சொந்தக்காரங்களைக் கூப்பிடும். நீ எங்கம்மாவைக் கூப்பிட்டுட்ட!"

"எனக்குத் தெரியாது மகளே, திறந்திருந்துச்சு..."

"திறந்திருந்தா? திறந்திருந்தா எவ வீட்டுக்குள்ள வேணா போயிடுவியா?"

"யோவானா, விடு" என்றார் எர்மெலிந்தா. கையைச் சுவரிலிருந்து அவர் எடுக்கவில்லை. "நல்லாத்தான் இருந்துச்சு. வாசிக்கட்டும்."

ஆனால் அதற்குள் அண்ணன் மகன்கள் பெட்டியை இழுத்து வெளியே வைத்துவிட்டார்கள். அகபீதோ தொப்பியைக் கழற்றி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். அவரும் மலைக்காரர்தான், அவர் முகமும் வெளுத்திருந்தது. செனைதா பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"நீ கீழ போ. குன்றுக்கு இனி நீ வேணாம்."

செனைதா துணியை விரித்துப் பெட்டியைக் கட்டினார். கல்லறைகளுக்கு நடுவே, பாடுகிறவர்களுக்கும் அழுகிறவர்களுக்கும் வழிவிட்டு வழிவிட்டு இறங்குவது வெகுநேரம் தெரிந்துகொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து எர்மெலிந்தா அம்மாளை முட்டை வண்டிக்குப் பக்கத்தில் பார்த்தேன். இரண்டு பேரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு சனிக்கிழமைப் பிற்பகல்களில், யோவானா தையல் பட்டறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, செனைதா பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்கு வருவார். கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு உள்ளே போவார். ஹார்ப் இல்லை, பாட்டு இல்லை. பேஸ் மட்டும். அது தெருவைத் தாண்டி எங்கள் சுவர் வழியாக வரும். மேசை மேல் டம்ளரில் தண்ணீர் நடுங்கும். மெட்டு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரு சுருதியைப் பிடித்து நெடுநேரம் அதிலேயே இருந்துவிட்டு, மனமில்லாமல் அடுத்ததற்கு நகர்வார்.

"என்ன வாசிக்கிறீங்க அங்க?" என்று ஒரு முறை கேட்டேன்.

"அந்தம்மா சாஞ்சு உக்காந்து முதுகைப் பெட்டி மேல வச்சுக்குது. அவரு கேட்ட மாதிரி கேக்கணுமாம். குமிழை எல்லாம் திருப்பி, அடியை மட்டும் வச்சிருக்கேன்."

மே மாதம் எர்மெலிந்தா படுத்தார். ஆகஸ்டில் இறந்தார்.

ஊர் முழுக்க அது ஒரே நாளில் பரவிவிட்டது. காலி மாடத்தில் பெட்டியை வைத்து அந்த அம்மாளைக் கூப்பிட்டுவிட்டாள். யோவானா சாவு வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்லி அழுதாள். சந்தை முக்கில் பெண்கள் முட்டை வாங்க அடுத்த வண்டிக்குப் போனார்கள். குழந்தையோடு வந்த ஒருத்தி செனைதாவின் பார்வை படாமல் அதன் முகத்தை மூடிக்கொண்டதை நானே பார்த்தேன். கல்யாண வீட்டுக்காரர்கள் அகபீதோவிடம், "ஹார்ப் வரட்டும், அந்தப் பெட்டிக்காரி வேணாம்" என்றார்கள். அதுவரை செனைதாவுக்குக் கல்லறைக் குன்று மட்டும்தான் போயிருந்தது. இப்போது மற்றதும் போனது.

அடக்கத்துக்கு அவர் வரவில்லை. வண்டியிலேயே இருந்தார். ஊர்வலம் அந்த வழியாகத்தான் போயிற்று. எழுந்து நின்றார், யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

"அக்கா, நீங்க ஏதாவது சொல்லுங்களேன்" என்றேன் ஒரு நாள். "மாடம் கூப்பிட்டு யாராவது சாவாங்களா? அந்தம்மாவே உங்களை வீட்டுக்குக் கூப்பிட்டாங்கன்னாவது சொல்லலாம்ல?"

"என்னத்தைச் சொல்ல? பெட்டியை அங்க வச்சது நான்தான."

"அதனாலதான் செத்தாங்கன்னு நீங்களும் நம்புறீங்களா?"

அவர் ஒரு முட்டையை எடுத்து, உடைக்காமல், வண்டி விளிம்பில் மெல்ல உருட்டிக்கொண்டிருந்தார். "தம்பி, அந்தப் பொண்ணுக்கு யாரையாவது திட்டணும். அம்மா இல்லாத வீட்டுல உக்காந்துக்கிட்டு யாரைத் திட்டும்? திட்டட்டும்."

அடுத்த நவம்பரில் அகபீதோவும் நானும் மட்டும் ஏறினோம். எங்கள் பாட்டு மெலிந்துபோயிருந்தது. யாரும் சொல்லவில்லை, நின்றவர்கள் சீக்கிரம் உட்கார்ந்துவிட்டார்கள். மதியம் தண்ணீர் குடிக்க இறங்கியபோது, அடிவாரத்தின் கிழக்குச் சரிவில் அவரைப் பார்த்தேன். அது குழந்தைகளின் சரிவு. முழங்கால் உயரச் சிலுவைகள், வெள்ளையும் நீலமும். எந்தக் குழுவும் அங்கே வாசிக்கப் போவதில்லை. அங்கே யாரும் பாட்டுக் கேட்பதில்லை. செனைதா ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெட்டி. ஓர் இளம் ஆள் அவர் முன்னால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன பாட்டு பிடிக்கும்?" என்று அவர் கேட்பது எனக்குக் கேட்டது.

"பாட்டுன்னு ஒண்ணும் இல்லம்மா. அது... பாட்டுக் கேக்கற அளவுக்கு இருக்கல. மூணு நாள்தான்."

"பேரு?"

"வைக்கல."

 செனைதா சுமைத்துணியை மடித்து அந்தச் சின்ன மேட்டின் ஓரத்தில் போட்டு, பெட்டியின் முகம் மண்ணைப் பார்க்க, அதை அதன் மேல் கவிழ்த்து வைத்தார். சத்தத்தை மிகவும் குறைத்தார். தடிக்கம்பியில் விரலின் சதையால் மட்டும் தட்டினார். நான் நின்ற இடத்துக்கு அது வரவேயில்லை. ஆனால் அந்த ஆள் குனிந்து உள்ளங்கையை மண்ணில் வைத்தான்; வைத்தபடியே உட்கார்ந்துவிட்டான். கருவில் இருக்கும்போது தாயின் நெஞ்சு அடிப்பதைத் தவிர அதிகமாக எதையும் கேட்டிராத குழந்தைக்கு அதைவிடப் பொருத்தமாக என்ன வாசிக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் எழுந்ததும் வேறொரு பெண் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு கணவனும் மனைவியும்.

அகபீதோவும் எப்போது வந்தாரோ, எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் இறங்கிப் போய், தொப்பியைக் கழற்றி, அந்தச் சின்ன வரிசையின் ஓரத்தில் காத்திருந்தார். செனைதா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மாயெஸ்த்ரோ, உங்களுக்கு இங்க யாரு?"

"யாருமில்ல. நீ மேல வா. பேசறவன் பேசட்டும். நீ இல்லாம நல்லால்ல."

"முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா ஓடி வந்திருப்பேன்." அடுத்த பெண்ணுக்காகப் பெட்டியை நகர்த்திக்கொண்டே சொன்னார். "இப்ப பாருங்க, இங்க ஆளுங்க நிக்கறாங்க."

அன்று பேட்டரி இரண்டும் தீரும்வரை அவர் அங்கேயே இருந்தார். அடுத்த வருடமும் அங்கேதான். அதற்கடுத்த வருடமும். முட்டை வண்டிக்கு ஆட்கள் திரும்பிவிட்டார்கள். யோவானா மட்டும் இன்னும் அந்த முக்கு வழியாக நடப்பதில்லை.

எர்மெலிந்தா அம்மாளின் தங்கை போன மாதம் மலையிலிருந்து வந்திருந்தார். எங்கள் வீட்டில் காப்பி குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார். தன் அக்காவுக்கு வயிற்றில் இருந்தது புற்றுநோய். மாடத்தில் பெட்டி வைத்த அந்த நவம்பருக்கு முன்பே, செப்டம்பரிலேயே மருத்துவர் சொல்லிவிட்டார். அந்த மாடத்தையே அதன் பிறகுதான் வாங்கினார். விஷயம் தெரிந்தது இரண்டு பேருக்கு: ஒன்று தங்கை, இன்னொன்று, முதல் சனிக்கிழமையிலிருந்தே, செனைதா. பெற்ற மகளிடம் சொல்லாததை முட்டை விற்கிறவளிடம் சொன்னது யோவானாவுக்கு ஒருநாளும் தெரியக் கூடாது என்று எர்மெலிந்தா கேட்டிருந்தாராம்.